சினை எது, முட்டை எது

'சினைமுட்டை' என்ற கூட்டுச்சொல் இன்று பாடநூலிலும் மருத்துவமனையிலும் தடையின்றிப் புழங்குகிறது. ஆனால் தமிழ் வழக்கு தனித்தனியே வைத்திருந்த இரண்டை அது ஒட்டவைத்துவிட்டது. உடலுக்குள் வளர்வது சினை. உடலை விட்டு வெளியே வருவது முட்டை. தவளை, பல்லி, ஆமை ஆகியவற்றின் சூலகத்துக்குள் நடப்பதை அறிந்தவர்கள் இந்தப் பாகுபாட்டை இழக்க விரும்பமாட்டார்கள். ஊசைட் என்று விலங்கியலார் சொல்லும் வளரும் உயிரணுவுக்குச் சினை என்ற ஒற்றைச் சொல்லே பொருத்தம் என்பது என் துணிபு.

சொல்லின் பொருள்பரப்பு பெரிது. மரக்கிளை சினை, உடலின் உறுப்பு சினை, மீன் வயிற்றில் திரண்டிருப்பதும் சினை. தொல்காப்பியம் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் வகுக்கிறது. நன்னூல் அறுவகைப் பெயர்களுள் சினைப்பெயரையும் வைக்கிறது. கிளையும் உறுப்பும் கருவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா, ஒலியால் மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா என்று ஒருவர் கேட்கலாம். என் வாதம் அந்த முடிவை நம்பி நிற்கவில்லை. வழக்கைப் பார்த்தாலே போதும்: சினை என்று சொல்லப்படுவது எதுவும் தன் முதலை விட்டுப் பிரிந்ததாக இருப்பதில்லை. சந்தையில் சினை மீன், சினை நண்டு என்கிறார்கள். மாட்டுத்தொழுவத்தில் சினைமாடு என்கிறார்கள். கோழி இட்டுவிட்ட முட்டையைச் சினை என்பவர் இல்லை. சூல் என்ற சொல்லும் இதே எல்லையைக் காக்கிறது. அகநானூற்றின் 160ஆம் பாட்டில் நெய்தல் நிலத்து ஆமை ஒன்று வருகிறது. வயிற்றில் சுமக்கும்வரை அது சூல். மணலில் புதைத்தபின் அது முட்டை. அந்த முட்டையை ஆண் ஆமை காவல் காப்பதாகப் பாட்டு சொல்கிறது. ஆண் கடலாமைகள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் சொல்லை ஆண்ட இடத்தில், அந்தப் பாட்டைப் பாடிய நப்பசலையார் இம்மியும் பிசகவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். ஆய்வகங்களில் மிகுதியாக ஆராயப்பட்ட ஆப்பிரிக்க நகத்தவளையின் சூலகம் மெல்லிய சுவருள்ள, மடல்மடலாய்ப் பிரிந்த பை. அதன் சுவரில் வெவ்வேறு பருவத்துச் சினைகள் ஒருங்கே செறிந்திருக்கும். 1972இல் டூமாண்ட் அந்த வளர்ச்சியை ஆறு நிலைகளாக வகுத்தார். முடிவில் ஒற்றை உயிரணுவே 1.2 மில்லிமீட்டர் அளவுக்குப் பருத்துவிடுகிறது, வெறுங்கண்ணால் எண்ணலாம். இந்தப் பருமனுக்கான சரக்கில் பெரும்பங்கைச் சினை தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. மஞ்சள்கருவின் மூலப்புரதம் தாயின் கல்லீரலில் உருவாகி, இரத்தத்தில் வந்து, சினைக்குள் உறிஞ்சப்படுகிறது. பல்லி, பாம்புகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: இளஞ்சினையைச் சூழ்ந்த பேரிக்காய் வடிவ உயிரணுக்கள் நுண்ணிய பாலங்கள் வழியே தம் உள்ளடக்கத்தை அதற்குக் கொடுத்துவிட்டு மறைகின்றன. உட்கருவும் சும்மா இருப்பதில்லை. 1882இல் ஃபிளெமிங் ஒரு சாலமாண்டரின் சினையில் மயிரடர்ந்த குரோமோசோம்களைக் கண்டார். பத்தாண்டுக்குப் பின் சுறாவின் சினையில் அவற்றை ஆராய்ந்த ரூக்கெர்ட், விளக்குக் கண்ணாடி துடைக்கும் தூரிகையின் பெயரை அவற்றுக்கு இட்டார். கருவுற்ற பிறகு வேண்டியிருக்கும் ஆர்.என்.ஏ.யை முன்கூட்டியே படியெடுத்துக் குவிக்கும் கண்ணிகளே அந்த மயிர்கள். இத்தனையும் நடக்கும்போது சினை தாயின் உறுப்பாகவே இருக்கிறது, இலக்கணம் வகுத்த பொருளிலேயே. தவளை முட்டையைச் சுற்றும் வழுவழுப்பான கூழும், ஆமை முட்டையின் வெண்கருவும் ஓடும் சூலகத்தில் கிடையா. சூலகத்தை விட்டு நீங்கியபின் அண்டநாளத்தில் செல்லும் வழியில் சேர்பவை அவை.

மாட்டின் கருப்பத்தையும் சினை என்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்பார்கள். வராது, சினைமாடு என்பதில் சினை தாங்கிய உடல் முன்னே நிற்கிறது, சூலகத்துச் சினை என்னும்போது இடமே பொருளைச் சொல்லிவிடும். முட்டை என்ற சொல் தரும் குழப்பமோ இதைவிடப் பெரியது. கண்ணாடி விரியன் குட்டி போடும் பாம்பு, முட்டையிடுவதே இல்லை. ஆனாலும் அதன் சூலகத்தில் மஞ்சள்கரு நிறைந்த சினைகள் திரள்கின்றன. அவற்றை முட்டை என்றால் மாணவர் மனத்தில் ஓடும் கூடும் புகுந்துவிடும். இன்னொரு தடை மெய்யானது: சூலகத்தை விட்டு நீங்கி, இன்னும் வெளிவராததை என்னவென்று அழைப்பது? மீன் விற்பவர் அதையும் சினை என்பார். நான் எல்லையைச் சூலகத்தின் சுவரிலேயே வைப்பேன். தவளைச் சினை முதிரும்போது அதன் பெரிய உட்கருவின் உறை கரைகிறது, குன்றல் பிரிவு மீண்டும் தொடங்குகிறது, சுவரை விட்டு நீங்கியபின் அது விந்தை எதிர்நோக்கி இரண்டாம் பிரிவின் நடுவே நின்றுவிடுகிறது. தாயிடமிருந்து மஞ்சள்கரு வாங்கும் வேலை அங்கே முடிந்துபோகிறது.