இடைக்கால வாழ்க்கைச் செலவுக் காப்புறுதி (மொன்றியால்)

வாடகைக்குக் குடியிருப்போர் எடுக்கும் காப்புறுதிப் பத்திரத்தின் ஓர் அங்கம். தீயினாலோ, குழாய் வெடித்துப் பெருகிய நீரினாலோ வீடு வசிக்கத் தகாததாகிவிடும்போது, அது செப்பனிடப்படும் வரையில், அல்லது குடும்பம் வேறிடத்தில் நிலையாகக் குடியேறும் வரையில், நியாயமான காலத்துக்கு உண்டாகும் மிகைச் செலவை ஈடுசெய்வதே இதன் தாத்பரியம். வாடகைக் குடும்பங்களே பெரும்பான்மையாக உள்ளதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டிரிப்ளெக்ஸ் வீடுகள் நிறைந்ததுமான மொன்றியாலில், கீழ்வீட்டு அடுப்பில் பற்றிய தீ மேல்வீட்டாரையும் தெருவில் நிறுத்திவிடக் கூடுமாதலால், இவ்வங்கம் விசேஷ முக்கியத்துவம் உடையது. கியூபெக் சட்டம் இக்காப்புறுதியைக் கட்டாயமாக்கவில்லை; வீட்டுச் சொந்தக்காரர் சிலர் ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாகச் சேர்ப்பதுண்டு. சொந்தக்காரர் தமக்கென எடுத்துள்ள காப்புறுதியோ கட்டடத்துக்கு உரியதேயன்றி, குடியிருப்பவரின் ஹோட்டல் செலவுக்கு உரியதன்று.

முழுச் செலவும் கிடைக்கும் என்று எண்ணுவது சகஜமான மயக்கம். மாதம் 1,200 டொலர் வாடகை கொடுத்துவந்த குடும்பம், அவ்வாடகை நின்றுபோக, 1,900 டொலருக்குத் தற்காலிக வீடொன்றில் தங்குமாயின் கிடைப்பது 700 டொலரே. சமையலறை இல்லாத அறையில் தங்கிக் கடைச்சாப்பாடு உண்ண நேரின், வீட்டில் வழக்கமாகச் சமையலுக்கு ஆகும் தொகையைக் கழித்த மிச்சமே கணக்கில் சேரும். சலவைக் கூலி, கூடுதல் பஸ் கட்டணம் போன்ற அற்பத் தொகைகளும் பற்றுச்சீட்டு இருந்தால் சேர்க்கத் தக்கவை.

பழைய வாடகை தானாக நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். 1994இல் அமலுக்கு வந்த கியூபெக் குடியியற் சட்டக்கோவையின் 1915ஆம் பிரிவின்படி, வசிக்கத் தகாத வீட்டை விட்டு நீங்குபவர், நீங்குமுன்னரோ நீங்கிய 10 நாள்களுக்குள்ளோ வீட்டின் நிலையைச் சொந்தக்காரருக்கு அறிவித்தால், அந்நிலைக்குத் தாமே காரணராக இல்லாதவிடத்து, அது நீடிக்கும் காலத்துக்கு வாடகை செலுத்த வேண்டியதில்லை. இதனை எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்வது விவேகம்.

எல்லா இடர்களும் இதனுள் அடங்குவதில்லை. 1998 ஜனவரியில் பெய்த உறைமழையால் 14 லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்து, சில இடங்களில் ஒரு மாதத்துக்கு மேலும் இருள் நீடித்தபோது, சுவரும் கூரையும் பழுதுறாத வீடுகளிலும் குளிரினால் வசிக்க இயலாமற் போயிற்று. இத்தகைய மின்தடைக்குப் பொறுப்பேற்பதா என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். 2024 ஆகஸ்ட் 9 அன்று டெபி புயலின் எச்சம் பெருமழையாகக் கொட்டி வடிகால்நீர் நிலக்கீழ் வீடுகளுள் எதிர்த்துப் புகுந்தது போன்ற சேதத்துக்கோ, பெரும்பாலும் தனிப் பின்னிணைப்பு வாங்கியிருத்தல் அவசியம். புதிதாகக் குடியேறியோர் வாடகை மலிவு கருதி நாடும் நிலக்கீழ் வீடுகளே இவ்வபாயத்துக்கு அதிகம் உள்ளாவன. கட்டணத்தில் சிக்கனம் பார்க்கையில் முதலில் விடப்படுவதும் அப்பின்னிணைப்பேயாகலாம்.

நஷ்டத்தை அறிந்தவுடன் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்தல் குடியிருப்பவரின் கடமை. அறிவித்தலோ, நிறுவனம் கோரிய விவரங்களும் சான்றுகளுமோ கிடைத்த 60 நாள்களுக்குள் ஈட்டுத் தொகையைச் செலுத்துமாறு மேற்படி குடியியற் சட்டக்கோவையின் 2473ஆம் பிரிவு நிறுவனத்தைப் பணிக்கிறது.