மலேசியக் கிண்ணம்

மலேசியக் கிண்ணம், மலாய்த் தீபகற்பத்தின் மாநிலங்களும் சிங்கப்பூரும் தமக்குள் மோதிக்கொள்வதற்காக 1921இல் தொடங்கிய உதைபந்தாட்டப் போட்டி. 1967 வரை அதன் பெயர் மலாயாக் கிண்ணம். இந்தியாவின் துராந்த் கிண்ணமும் (1888) கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. கேடயமும் (1893) இதற்கு மூத்தவை. ஆனாலும் ஒரு வட்டாரத்து மக்களின் ஊர்ப்பற்றை இவ்வளவு காலம் சுமந்து வந்த உதைபந்தாட்டக் கிண்ணம் ஆசியாவில் வேறு உண்டா என்பது ஐயமே. இதுவரை அதிகமுறை வென்றது சிலாங்கூர், 33 தடவை. அடுத்தது சிங்கப்பூர், 24 தடவை.

இலங்கையில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழருக்கு இந்தக் கிண்ணத்தின் கதை அந்நியக் கதையல்ல. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பால் வெட்டியவர்களும் சிலாங்கூரிலும் பேராக்கிலும் பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் ஒரே தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒரே கங்காணி முறையில் கடல் கடந்தவர்கள். தோட்டத்து மைதானத்தில் பந்து உதைத்துப் பழகிய பையன் மாநில அணியில் ஆடுவதும், அவன் பெயரைப் பல்லாயிரம் பேர் கூவி அழைப்பதும் மலாயாவில் நடந்தன. அதற்கு மேடை போட்டது இந்தக் கிண்ணம்.

கிண்ணம் பிறந்தது ஒரு போர்க்கப்பலால். ‘எச்.எம்.எஸ். மலாயா’ என்ற அந்தப் பிரித்தானியக் கப்பலின் செலவைப் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் ஏற்றிருந்தன. ஈயமும் இறப்பரும் ஈட்டிய பணம் அது. அதில் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் சேர்ந்திருந்தது. 1916இல் ஜட்லாண்ட் கடற்போரில் பங்குகொண்ட அந்தக் கப்பல், போர் ஓய்ந்தபின் 1921இன் தொடக்கத்தில் தன் பெயருக்குரிய நாட்டைப் பார்க்க வந்தது. நின்ற துறைமுகங்களிலெல்லாம் மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு உதைபந்து, ரக்பி முதலியன ஆடினார்கள். திரும்பிப் போனபின், விருந்தோம்பலுக்கு நன்றியாகக் கப்பலார் இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். ஒன்று ரக்பிக்கு, மற்றது உதைபந்தாட்டத்துக்கு.

முதல் ஆட்டம் 1921 ஓகஸ்ட் 20இல் கோலாலம்பூரில் நடந்தது. ஏறத்தாழ 5,000 பேர் பார்த்திருக்க, சிலாங்கூர் பினாங்கை 5–1 என வென்றது. இறுதியாட்டத்தில் அதே சிலாங்கூரைச் சிங்கப்பூர் 2–1 எனத் தோற்கடித்து முதல் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் பதில் கொடுத்தது. அன்று தொடங்கிய இந்தப் பகைதான் போட்டியின் முதுகெலும்பு. 1921 முதல் 1941 வரை ஒவ்வோர் இறுதியாட்டத்திலும் சிங்கப்பூர் ஆடியது. 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யாரும் வெல்லாமல் இரண்டு அணிகளும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. நடுவே 1926இலும் 1931இலும் பேராக் புகுந்து வென்றது.

சிங்கப்பூரின் ஆட்டங்கள் முதலில் ஆன்சன் ரோட் மைதானத்தில் நடந்தன. 1929இன் கடைசியில் ஜாலான் புசார் அரங்கு திறக்கப்பட்டதும் கிண்ணம் அங்கே குடியேறியது. சிராங்கூன் ரோட் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போகும் தூரம். பிந்தைய பெரிய அரங்குகளைவிட இந்தச் சிறிய அரங்குதான் கிண்ணத்தை மக்களின் சொத்தாக்கியது என்று சொல்லத் தோன்றுகிறது.

1941இன் போட்டியை வென்ற சிங்கப்பூர், 1942 பெப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1942 முதல் 1947 வரை கிண்ணம் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். பந்து உதைக்கும் வயதில் இருந்த ஒரு தலைமுறையே தோட்டங்களில் சிதைந்தது. கிண்ணத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த ஆறு ஆண்டுகளை ‘போரினால் நடைபெறவில்லை’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவது நியாயமல்ல.

1948இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது நெகிரி செம்பிலான் முதல் தடவையாக வென்றது. அதே 1948இல் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் நமது தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மலாயாவிலும் குடியுரிமை எளிதாகக் கிடைக்கவில்லை. 1968இல் வந்த வேலை அனுமதிச் சட்டத்தால் பல தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. இருந்தும் அங்கே மாநில அணியின் கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறந்திருந்தது. இரண்டு நாடுகளின் தோட்டத் தமிழர் விளையாட்டு வரலாறும் வேறு வேறு திசையில் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். தன்னைத் தேர்ந்தெடுக்கும் ஊர் ஒன்று இருந்தால்தான் ஆட்டக்காரன் அந்த ஊருக்காக ஆட முடியும்.

1950களில் பினாங்கு மூன்று முறை (1953, 1954, 1958) வென்றது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது கோலாலம்பூரில் எழுந்த மெர்டேக்கா அரங்கு இறுதியாட்டங்களின் இல்லமாயிற்று. ‘ராஜா போலா’ என்று கொண்டாடப்பட்ட அப்துல் கனி மின்ஹாட்டின் சிலாங்கூர் 1961 முதல் 1963 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றது. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. 1967இல் போட்டியின் பெயர் மலேசியக் கிண்ணமாக மாறியது. தனி நாடான பின்னும் சிங்கப்பூர் இந்தப் போட்டிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் அணி பக்கத்து நாட்டின் மாநிலங்களோடு ஆடிய இந்த ஏற்பாடு விசித்திரமானது. ஆனால் இரசிகர்களுக்கு அது இயல்பாகவே இருந்தது, அவர்களுடைய பகை அரசியலுக்கு முந்தியது.

1970களையும் 1980களின் தொடக்கத்தையும் பொற்காலம் என்பார்கள்; அந்தச் சொல் இங்கே மிகையல்ல. சிலாங்கூரில் மொக்தார் டகாரி இருந்தார். நரம்பு நோயால் 1991இல் இளவயதிலேயே மறைந்த அவரை மலேசியா இன்றும் ‘சுப்பர்மொக்’ என்றுதான் நினைவுகூர்கிறது. அதே சிலாங்கூரின் கோல் காப்பாளர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பறந்து பிடித்ததால் அவருக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். அவர் காவல் நின்ற மலேசிய அணி 1980 மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பின்னர் அரசு எடுத்த புறக்கணிப்பு முடிவால் அங்கே போகவில்லை. 1988 டிசம்பரில் வாகன விபத்தில் அவர் இறந்தார். 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தின் கோல் காப்பாளர் பாத்திரம் அவரை மனத்தில் வைத்து உருவானது. அவருக்கு முன்னால் எம். சந்திரன் பின்வரிசையில் பெயர் பெற்றிருந்தார். மலேசியா ஆடிய 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் அவரும் இருந்தார். ஆறுமுகத்துக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தடுப்புச் சுவராக நின்ற தேசிய அணியைச் சொன்னால் மலேசியர்கள் இன்றும் குரல் உயர்த்திப் பேசுவார்கள். ஒரு மலாய்க்காரர் கோல் அடிக்க, ஒரு சீனரும் ஒரு சீக்கியரும் தடுக்க, ஒரு தமிழர் பிடிக்க, அரங்கு முழுவதும் ஒரே கட்சியாய் நின்றது.

எதிர்முனையில் சிங்கப்பூர். 1973இல் காலாங்கில் திறக்கப்பட்ட தேசிய அரங்கில் 50,000 பேருக்கு மேல் எழுப்பிய கூச்சலுக்குக் ‘காலாங் கர்ஜனை’ என்றே பெயர் வந்தது. கடுமையான பயிற்சிக்குப் பேர்போன சூ செங் குவீயின் அணி 1977இல் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை மேலதிக நேரத்தில் 3–2 என வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். அந்தத் தசாப்தத்தின் அணியில் பந்தை வளைத்து அடிப்பதில் வல்ல எஸ். ராஜகோபால் இருந்தார். பின்வரிசையைத் தாங்கியவர் சமத் அல்லாப்பிச்சை. நீண்டகாலம் அணித்தலைவராகவும் இருந்தார். 1980இல் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என வென்றபோது வெற்றிக் கோல் பதின்ம வயது ஃபாண்டி அகமதுவின் காலிலிருந்து வந்தது.

போட்டி எப்போதும் முழு நொக்-அவுட்டாக நடந்ததில்லை. தொடக்கத்தில் வடக்கு, தெற்கு என்று பிரித்து, இரண்டு பிரிவின் முதல்வர்களும் இறுதியில் மோதினார்கள். 1979இல் லீக் சுற்று ஒன்று வந்தது. அதில் முன்னணியில் நின்ற நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போயின. கிண்ணத்துக்கு ஆள் பொறுக்கத்தான் லீக்கே தொடங்கியது. 1982இல் லீக் முதல்வருக்கெனத் தனிப் பட்டம் வந்தது. பிற நாடுகளில் லீக் தலையாகவும் கிண்ணம் வாலாகவும் இருக்கும். இங்கே நெடுங்காலம் நேர்மாறு. மலேசியக் கிண்ணத்தை வெல்லாத ஆண்டை ஒரு மாநிலம் நல்ல ஆண்டாகக் கருதியதில்லை.

1981க்குப்பின் விலகிய சிங்கப்பூர் 1985இல் திரும்பி வந்தது. கோலாலம்பூர் 1987 முதல் 1989 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றது. 1990இல் கெடா முதல் தடவையாக வென்றபோது அந்த அணியில் வி. சுந்தரமூர்த்தி ஆடினார். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்குப் போய் வந்த சிங்கப்பூர்த் தமிழர் அவர். 1993இல் சிங்கப்பூருக்காகப் புருணைக்கு எதிராகத் தலைகீழாய்ப் பாய்ந்து அடித்த கோலை அன்று பார்த்தவர்கள் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள்.

1994 டிசம்பர் 17இல் ஷா ஆலம் அரங்கில் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என நசுக்கியது. ஆஸ்திரேலியரான அப்பாஸ் சாட் மூன்று கோல்கள் அடித்தார், ஃபாண்டி அணித்தலைவர். பல்லாயிரம் சிங்கப்பூரர்கள் எல்லை கடந்து போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். அதுவே அவர்களுடைய 24ஆவது கிண்ணம், அதுவே கடைசியும். நுழைவுக் கட்டண வருவாயைப் பங்கிடுவதில் மலேசியச் சங்கத்தோடு எழுந்த தகராறில் சிங்கப்பூர் விலகி, 1996இல் சொந்த லீக்கைத் தொடங்கியது. அதே காலத்தில் ஆட்டங்களை விலைக்கு விற்ற ஊழல் வெளிவந்து, மலேசியாவில் ஏராளமான ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கிண்ணத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய காயம் இதுதான். போர் ஆறு ஆண்டுகளில் முடிந்தது. மைதானத்தில் நடப்பது உண்மைதானா என்ற சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்தால் எளிதில் போகாது. 2012 முதல் 2015 வரை ‘லயன்ஸ்XII’ என்ற அணியைச் சிங்கப்பூர் அனுப்பியது. ஆனால் காலாங் கர்ஜனை திரும்பவில்லை.

சிங்கப்பூர் போனபின் கிண்ணம் புதிய கைகளுக்குப் போனது. 1999இல் புருணை சரவாக்கை 2–1 என வென்றது. 2003இல் எம்.பி.பி.ஜே. வென்றபோது முதல் தடவையாக ஒரு கழகம் மாநிலங்களிடமிருந்து கிண்ணத்தைப் பறித்தது. 2010இல் நெகிரி செம்பிலானை 2–1 எனத் தோற்கடித்துக் கிளந்தான் தன் முதல் கிண்ணத்தை வென்றது. அந்த மாநிலமே சிவப்பாகி நின்ற அன்று பயிற்றுநராக இருந்தவர் பி. சத்தியநாதன். அதே ஆண்டு கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியத் தேசிய அணி தென்கிழக்காசிய வாகையர் கிண்ணத்தை முதல் தடவையாக வென்றது. 1990களுக்குப்பின் ஆடுகளத்தில் தமிழ்ப் பெயர்கள் குறைந்தபோதும் பயிற்றுநர் இருக்கையில் தமிழர் இருந்ததற்கு இந்த ஆண்டு சான்று. வலப்புறத்தில் மின்னலாய் ஓடிய எஸ். குணாளன் நெகிரி செம்பிலானுக்கும் பின்னர் ஜொகூருக்கும் ஆடினார்.

தமிழ்ப் பெயர்கள் ஏன் குறைந்தன என்பதற்கு விடை மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. 1970களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. இறப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து வீடுகளோடு தோட்டத்து மைதானங்களும் போயின. நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் இறங்கி விளையாட மண்தரை இல்லை. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தோட்டத்து மைதானத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப மலேசிய இந்தியர் உதைபந்தாட்டச் சங்கம் ஓர் அணியை வளர்த்தது. எம்.ஐ.எஸ்.சி–மிஃபா என்ற பெயரில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அது, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சுப்பர் லீக்குக்கு ஏறியது. கே. தேவனும் பின்னர் பி. மணியமும் பயிற்றுநர்கள். கடைசிப் பருவங்களில் வெளிநாட்டவர் இல்லாமல் உள்நாட்டவரை மட்டுமே களமிறக்கியும் பணக்கார அணிகளோடு அது ஈடுகொடுத்தது. 2022 பருவத்துக்குப்பின் லீக்கிலிருந்து விலகிவிட்டது.

2020இல் கொரோனாத் தொற்றால் போட்டி நின்றது. 2021இல் கோலாலம்பூர் சிட்டி, ஜொகூர் டாருல் தக்சிமை 2–0 என வீழ்த்தி 32 ஆண்டுகளுக்குப்பின் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. மற்றபடி இது ஜொகூரின் காலம். 2014 முதல் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த அணி 2017, 2019, 2022, 2023, 2024–25 ஆகிய ஐந்து போட்டிகளில் மலேசியக் கிண்ணத்தையும் வென்றது. சிலாங்கூர் கடைசியாக வென்றது 2015இல்.