அழிந்த நகரங்கள் பற்றிப் பேச வோர்சோ: 2018 மாநாடும் அதன் பின்னணியும்

2018 மே மாதம் போலந்தின் தலைநகர் வோர்சோவில் ஒரு சர்வதேச மாநாடு இடம்பெற்றது. போரிலும் பேரிடரிலும் அழிந்த மரபுரிமை இடங்களை மீளக் கட்டலாமா, கட்டுவதானால் எந்த ஆதாரத்தைக் கொண்டு, யாருடைய விருப்பப்படி என்பதே பேசுபொருள். அலெப்போவும் மொசூலும் அப்போது இடிபாடுகளாகக் கிடந்தன. இதற்கு வோர்சோவைவிடப் பொருத்தமான இடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1944 ஒகஸ்ட் 1இல் அந்நகரில் தொடங்கிய எழுச்சி 63 நாட்களில் முறியடிக்கப்பட்டது. மக்களை வெளியேற்றிய ஜேர்மன் படையினர், எஞ்சிய கட்டடங்களைத் தெருத்தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தனர். வரலாற்று மையத்தில் 85 வீதத்துக்கும் அதிகமானவை அழிந்தன. அரச மாளிகைச் சுவர்களில் வெடிமருந்துக்கான துளைகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே இடப்பட்டிருந்தன.

நகரம் மீண்டதற்கு முக்கிய காரணம் காகிதங்கள். கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்னரே பழைய கட்டடங்களை அளந்து வரைந்திருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை இரகசியமாகத் தொடர்ந்தது. எழுச்சி முறியடிக்கப்பட்ட பின் அவ்வரைபடங்கள் கடத்திச் செல்லப்பட்டு, வேறொரு ஊரின் துறவிமடத்தில் மறைத்து வைக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் பெலொட்டோ தீட்டிய தெரு ஓவியங்களும் முகப்புகளை மீளமைக்க உதவின. பழைய நகரச் சதுக்கம் 1953இல் திறக்கப்பட்டது. மாளிகைக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் எல்லோருடைய வோர்சோவும் திரும்பி வரவில்லை. யூதர்கள் அடைத்து வைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட கெட்டோ இருந்த முரானோவ் பகுதி பழையபடி கட்டப்படவில்லை. அதன் இடிபாடுகளின் மேலேயே புதிய குடியிருப்புகள் எழுந்தன. வோர்சோவைப் புகழ்வோர் பலர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

1964இன் வெனிஸ் சாசனம் இத்தகைய மீள்கட்டுமானத்தை ஏற்கவில்லை. இருந்தும் 1980இல் யுனெஸ்கோ வோர்சோவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மீளக் கட்டிய அலுவலகத்தின் ஆவணங்களும் 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தன.

மாநாட்டின் முடிவில் வெளியான வோர்சோப் பரிந்துரை, அழிவுக்கு முந்தைய ஆவணங்கள், உள்ளூர் மக்களின் பங்கேற்பு, நினைவும் நல்லிணக்கமும் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. அவசரப்படாமல் சிந்திக்க அவகாசம் வேண்டும் என்கிறது. எமக்கு இது புதிய விவாதமல்ல. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிந்த நிலையிலேயே சாட்சியமாக விட்டுவைக்க வேண்டும் என்று வாதிட்டோர் இருந்தனர். கட்டடம் பழைய தோற்றத்தை ஒட்டி மீண்டும் எழுந்தது. உள்ளே எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறு பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் போயின. அவற்றுக்கு அளந்து வரைந்த வரைபடம் எதுவும் இருக்கவில்லை.