குனிந்த முதுகும் குட்டைக் காம்பும்

உழவுக் கருவிகளைப் பற்றிப் பேசுவோர், அவற்றைப் பிடித்து வளைந்துபோன முதுகுகளைப் பற்றிப் பேசுவது அரிது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சிறு களைக்கொட்டின் வரலாறோ முதுகின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

அம்மாநிலத்துச் சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்டூஸ் கீரைக்குப் பெயர் பெற்றது. நெருக்கமாக விதைத்து, முளைத்த பின்னர் இடைவெளிவிட்டு, மிகையான நாற்றுகளைக் களைவது அங்குள்ள வழக்கம். அதற்கென அளிக்கப்பட்ட களைக்கொட்டின் காம்பு இரண்டடிக்கும் குறைவு. ஒரு கையால் கொத்தி, மறு கையால் நாற்றை விலக்கி, இடுப்பை மடித்தவாறே சால் சாலாக நாள் முழுதும் நகர வேண்டும். மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் இதனை ‘எல் கொர்த்தீட்டோ’, அதாவது ‘குட்டையன்’ என்றழைத்தனர். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸும் இளமையில் இதனைப் பிடித்து, பிற்காலத்தில் முதுகுவலியால் வருந்தியவரே.

நீண்ட காம்பு பயிரைச் சிதைக்கும் என்றனர் பண்ணையார்கள். தொழிலாளர் கண்ட காரணம் வேறு. எவரேனும் நிமிர்ந்து நின்றால், வேலை நின்றதென்று மேற்பார்வையாளருக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்! இடுப்பை நிமிர்த்துவதே குற்றமாயிற்று.

1972-இல், கிராமப்புற ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் மாரிஸ் ஜோர்டேனும் அவருடைய தோழர்களும் தொழிலாளர் சார்பில் தடை கோரினர். ஓயாது குனிந்து உழைப்பதால் முதுகெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டுகள் தேய்ந்து, நிலையான ஊனம் நேர்கிறதென மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர். எனினும் தொழிற்பாதுகாப்பு வாரியம் 1973-இல் மறுத்துவிட்டது. ‘பாதுகாப்பற்ற கைக்கருவி’ என்னும் விதி உடைந்த, பழுதுற்ற கருவிகளையே குறிக்கும் என்பது அதன் வாதம்.

1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பழுதில்லாக் கருவியாயினும், அதனைப் பயன்படுத்தும் முறையால் உடலுக்குத் தீங்கு விளையுமாயின் அது பாதுகாப்பற்றதே எனத் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டில் குட்டைக் களைக்கொட்டு தடைசெய்யப்பட்டது. நீண்ட காம்பு வந்தது. லெட்டூஸ் விளைச்சலும் தொடர்ந்தது.

சாவேஸின் தந்தை பயன்படுத்திய களைக்கொட்டு ஒன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்று சேர்ந்தது. அதன் இரும்பிலும் மரத்திலும் குறையேதும் தேடிப் பயனில்லை. குறை, காம்பின் நீளத்தை முடிவு செய்தவர் ஒருநாளும் அதனைப் பிடித்துக் குனியாததில் இருந்தது. கருவியைச் சோதிப்போர் அதனைப் பிடித்திருப்பவரின் முதுகையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.