காற்றை இறக்கினால் மேடு ஏறும்

மணல்மேட்டில் வண்டி ஏறவில்லை என்றால் நாம முதலில் கேட்பது "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். கல்லூரி ஹாஸ்டலில் மெக்கானிக்கல் பசங்க பாஹா போட்டிக்காக ஏடிவி கட்டிய நாட்களில் ராத்திரி முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்தப் போட்டியில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி சின்ன எஞ்சின்தான், அதில் கை வைக்கவும் கூடாது. மேடேறும் சுற்றில் மிச்சமிருப்பது எடை, கியர் விகிதம், டயர், ஓட்டுபவன். திறனைக் கூட்ட வழியில்லாதபோதுதான் ஆட்கள் யோசிக்கிறார்கள். மணலில் வண்டி ஓட்டிய வரலாறும் அப்படி யோசித்தவர்களின் வரலாறுதான்.

அதில் முக்கியமான ஆள் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920களின் பிற்பகுதியில் எகிப்திலும் அதன்பின் இந்தியாவிலும் பணியில் இருந்தார். லீவு கிடைத்தால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். மாடல் ஏ காரின் திறன் 40 குதிரை. இன்றைக்கு நம்ம தெருவில் நிற்கும் சின்ன காரை விடக் குறைவு. அதை வைத்துக்கொண்டுதான், மோட்டார் வண்டி நுழையவே முடியாது என்று கருதப்பட்ட பெருமணற்கடலுக்குள் போனார்கள்.

எப்படி? டயரில் காற்றைக் குறைத்தார்கள். புதைந்த சக்கரத்துக்கு அடியில் நீளமான இரும்புத் தகடுகளைப் போட்டார்கள். மேட்டை நிதானமாகத் தொட்டுப் பார்க்காமல், தூரத்திலிருந்தே வேகம் எடுத்து ஏறினார்கள்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஆளோடு சேர்த்து 320 கிலோ ஏடிவி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 80 கிலோ. டயர் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அரை கிலோ. அப்போது டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 160 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு இரண்டு மடங்காகும், மணல் மீதான சுமை பரவிவிடும். புதைந்த சக்கரம் தனக்கு முன்னால் இருக்கும் மணலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அதாவது சமதரையிலேயே அதற்கு ஒரு மேடு. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் மணல் பின்னால் பறக்கும், வண்டி கீழே இறங்கும். காற்றை அளவுக்கு மீறி இறக்கினாலும் ஆபத்துதான், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

மேட்டைப் படிக்கவும் பாக்னால்ட் கற்றுக்கொண்டார். காற்று அடிக்கும் பக்கம் மணல்துகள்கள் மோதி மோதி இறுகியிருக்கும், சரிவும் மெதுவானது. மறுபக்கம் உருண்டு விழுந்த மணல், கிட்டத்தட்ட 33 பாகைச் சரிவில் தளர்வாகக் கிடக்கும். ஏற வேண்டியது எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து இதையெல்லாம் அளந்தார். 1941ல் வந்த அவருடைய புத்தகம் செவ்வாய் கிரகத்து மணல்மேடுகளைப் படிப்பவர்களுக்கும் இன்றுவரை உதவுகிறது. 1940ல் அவர் தொடங்கிய பாலைவனப் படைப்பிரிவு இந்த அறிவைப் போருக்கு எடுத்துப்போனது. இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளிலிருந்து ஆள் எடுத்தும் அதே பாணியில் ஒரு பிரிவு அமைந்தது.

1970ல் ஹோண்டா ஒரு மூன்று சக்கர வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 90 சிசிக்கும் குறைவான எஞ்சின், பலூன் மாதிரி டயர், அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. நம்ம பைக் டயரில் 25க்கு மேல் இருக்கும். மணலில் அது பிரமாதமாகப் போனது. ஆனால் திருப்பத்திலும் சரிவிலும் கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட நிறையப் பேர் செத்தார்கள். 1988ல் நீதிமன்ற உடன்பாட்டின்படி அந்நாட்டில் புதிய மூன்று சக்கர ஏடிவி விற்பனையை நிறுவனங்கள் நிறுத்தின. ஏறும் திறமையை மட்டும் வளர்த்து, இறங்குவதை யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம்ம கடற்கரை மணல்மேடுகளுக்கு இன்னொரு கவலை இருக்கிறது. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ராவணன் மீசையும் அடப்பங்கொடியும். சுழலும் சக்கரம் அந்த வேரை அறுத்தால் மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்க வேண்டிய பகுதிகளில் சேர்த்தது சும்மா இல்லை. எப்படி ஏறுவது என்பதற்கு முன்னால் எங்கே ஏறக்கூடாது என்று கேட்க வேண்டும்.

எங்க எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மணல்மேடு கிடையாது, கரிசல்தான். மணல் என்றால் திருச்சுழியில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் குண்டாறு. பாரவண்டி ஆற்று மணலில் இறங்கினால் என்ன செய்யணும் என்று தாத்தா சொல்வார்: "மாட்டை அடிக்காதே. பாதி மூட்டையை இறக்கு. சக்கரத்துக்கு முன்னால பனையோலையைப் போடு. நடுவுல நிறுத்தாதே." இரும்புப் பட்டா போட்ட ஒல்லிச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தப்புறம் மாட்டுக்கு ஆயுசு கூடிருச்சு என்பார்.

எடையைக் குறை, சுமையைப் பரப்பு, வேகத்தை விடாதே. பாக்னால்ட் செய்ததும் இதுதான். முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்கிற வாட்ஸப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பாக்னால்ட் அளந்தார், எழுதினார், அதனால் அது அடுத்த ஆளுக்குப் போனது. வண்டிக்காரர்கள் அறிந்தது மாடுகளோடும் வண்டிகளோடும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டு எழுத இன்னும் சில பெரியவர்கள் இருக்கிறார்கள்.