கூகுள் மேப்ஸ்: தென்சென்னைப் புறநகரில்

கூகுள் தேடல் நிறுவனத்தின் வழிகாட்டும் செயலி. ஆங்கிலத்தில் பதிவான இடப்பெயர்களைத் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில் ஒலிபெயர்த்துக் காட்டும் வசதி 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் மருந்துக்கடை தேடுபவர் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் தெருக்காட்சி வந்தது.

2024 ஜூலையில் 40 நகரங்களுக்கு அறிவிக்கப்பட்ட மேம்பால அறிவிப்பு இப்பகுதிக்கு மிகவும் தேவையான ஒன்று. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையின் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் இணையாக ஓடுவதால், வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியும். தவறி ஏறிவிட்டால் மறுமுனை வரை சென்றாக வேண்டும். பாலத்தில் ஏறுவதா, கீழே செல்வதா என்பதைச் செயலி முன்கூட்டியே சொல்லும். குறுகிய தெருக்களைத் தவிர்க்கும் வசதியும் அப்போது சென்னை உள்ளிட்ட 8 நகரங்களுக்கு அறிவிக்கப்பட்டது.