பாதி வாளின் பயணம்

1982-இல் அமெரிக்கக் கடையில் ஹீ-மேன் பொம்மை வாங்கிய பிள்ளையின் கைக்குப் பாதி வாள்தான் வந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒரு பக்கத்தில் கைப்பிடியும் விளிம்பும் செதுக்கப்பட்டிருந்தன; மறுபக்கம் தட்டை. மற்ற பாதி ஊதா நிறத்தில், எதிரி ஸ்கெலிட்டாரின் உறைக்குள் இருந்தது. இரண்டையும் வாங்கி முதுகோடு முதுகு பொருத்தினால் முழு வாள். கிரேஸ்கல் கோட்டை பொம்மையும் வீட்டில் இருந்தால், அதன் வாயிற்கதவில் வாளைச் செருகித் தாழ் நீக்கலாம்.

அந்தச் சிறிய பொருளிலேயே ஒரு பகை இருக்கிறது, பூட்டிய கோட்டை இருக்கிறது, உள்ளே என்ன என்ற கேள்வி இருக்கிறது. மாய உலக ஆக்‌ஷன் பொம்மைகளுக்கு எவ்வளவு முன்கதை வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களும் சேகரிப்பாளர்களும் இன்றுவரை வாதாடும் விஷயம். அந்த வாதத்துக்கு இந்த வாள் போய்வந்த வழியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஹீ-மேனின் உடல் கதைக்கு முன்பே பிறந்துவிட்டது. எழுபதுகளில் ஸ்டார் வார்ஸ் பொம்மை உரிமத்தை வேண்டாம் என்று விட்ட நிறுவனங்களில் மேட்டலும் ஒன்று. கென்னர் அதை எடுத்துக்கொண்டு, 1978 முதல் மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளாக விற்றுக் குவித்தது. மேட்டலுக்குச் சொந்தமாக ஒரு வரிசை உடனடியாகத் தேவைப்பட்டது. 1980-இன் இறுதியில் ரோஜர் ஸ்வீட் என்ற வடிவமைப்பாளர், நிறுவனத்தின் பழைய பிக் ஜிம் பொம்மைகள் மூன்றை எடுத்தார். களிமண் அப்பித் தசைகளைப் பெருக்கினார். ஒருவனைக் காட்டு வீரனாகவும், ஒருவனைப் படை வீரனாகவும், ஒருவனை விண்வெளி வீரனாகவும் ஆக்கி மேலதிகாரிகள் முன் நிறுத்தினார். காட்டு வீரன் தேர்வானான். அவனுடைய தோற்றத்தையும் ஸ்கெலிட்டாரையும் மண்டையோட்டு முகம் கொண்ட கோட்டையையும் வரைந்து உருவாக்கியவர் மார்க் டெய்லர். ஹீ-மேனைப் படைத்தவர் யார் என்பதில் இருவருமே பின்னாளில் உரிமை கொண்டாடினார்கள்.

ஸ்வீட் நிறுத்திய அந்த மூன்று வீரர்களில் எவனுக்கும் அப்போது ஊர் கிடையாது, தாய் தந்தை கிடையாது. தோளும் மார்பும் ஓங்கிய கையும்தான் பேசின. ஹீ-மேன் ஏறிச் செல்லும் புலி வந்த விதமும் அப்படித்தான். பிக் ஜிம் வரிசைக்காகச் செய்த புலியின் அச்சு கையிருப்பில் இருந்தது. புதிய பொம்மைகள் ஐந்தரை அங்குலம். புலியோ பெரிய பொம்மைகளுக்கானது, அளவு பொருந்தவே இல்லை. பச்சை நிறத்தில் வார்த்து, சேணம் கட்டி, பேட்டில் கேட் என்று பெயரிட்டார்கள். பச்சைப் புலி எந்தக் காட்டில் திரிகிறது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. மனிதன் ஏறி உட்காரும் அளவுக்குப் பெரிய புலி என்பதே பிள்ளைகளுக்குப் போதுமான கதையாக இருந்தது.

கதை எழுத்தாக வந்தது உறைக்குள் வைத்த கையடக்கப் புத்தகங்கள் வழியாக. முதல் நான்கையும் எழுதியவர் டொனால்ட் எஃப். கிளட், 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தை நாவலாக்கியவர். வரைந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஓவியர் ஆல்ஃப்ரெடோ அல்காலா. பக்கத்துக்கு ஒரு படம், கீழே சில வரிகள். அல்காலாவின் நெருக்கமான கோடுகளில் ஹீ-மேன் வாழும் எட்டர்னியா பழைய போர் ஒன்றில் அழிந்து, சிதறிய இயந்திரங்களுக்கு நடுவே காடு மண்டிய உலகமாகத் தெரிகிறது. ஹீ-மேன் அங்கே ஒரு பழங்குடி வீரன். தன் கூட்டத்தாரிடம் விடைபெற்றுக் காட்டைக் கடந்து போகிறான். வழியில் ஒரு மாயக்காரியிடமிருந்து ஆயுதங்களைப் பெறுகிறான். ஸ்கெலிட்டார் வேறொரு பரிமாணத்திலிருந்து வந்தவன். பிளவுபட்ட வாளின் இரு பாதிகளையும் சேர்ப்பவனுக்குக் கோட்டையின் ஆற்றல் கிட்டும். பின்னாளில் ஹீ-மேனாக மாறும் இளவரசன் ஆதம் என்ற பேச்சே அதில் இல்லை.

புத்தகத்தில் இருந்த பகை அப்படியே பொம்மையிலும் இருந்ததுதான் அந்த நான்கு புத்தகங்களின் பெரிய பலம். கதையைப் படிக்காத பிள்ளையும் வாளின் தட்டைப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, மற்ற பாதி எங்கே என்று கேட்பான். படித்த பிள்ளைக்கும் அதற்குமேல் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து விளையாட முடியும்.

அட்டையில் அச்சிட்ட அடைமொழிகளும் அவ்வளவே சுருக்கம். மெர்-மேன் என்றால் கடலின் போர்த்தலைவன். பீஸ்ட் மேன் என்றால் கொடிய அடியாள். டீலா என்ற பொம்மையின் பாம்புக் கவசத்தை மாட்டினால் தேவதை, கழற்றினால் போர்ப்பெண் என்று ஒரே பொம்மையில் இரண்டு பேரை வைக்க நினைத்திருந்தார்கள். ஜோடாக் என்பவன் நல்லவனா கெட்டவனா என்பதில் மேட்டலுக்கே தெளிவில்லை. விளம்பரப் படத்தில் தீயவன், வேறிடத்தில் வெறும் அண்டத்தின் காவலன். இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த அணியில் நிறுத்துவது என்ற முடிவு பிள்ளையிடம் விடப்பட்ட ஒரே பொம்மை அது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதே, புத்தகம் வைத்து என்ன பயன் என்று கடைக்காரர்கள் கேட்டதாகவும், அப்படியானால் கார்ட்டூன் வரும் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் மேட்டலின் விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வாக்கைக் காப்பாற்றுவது எளிதாக இல்லை. 1969-இல் மேட்டலின் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்தே ஒரு கார்ட்டூன் வந்து, போட்டி நிறுவனமான டாப்பர் புகார் கொடுக்க, அது அரைமணி நேர விளம்பரம் என்ற சர்ச்சையில் சிக்கியிருந்தது. எண்பதுகளில் மார்க் ஃபௌலர் தலைமையில் அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தத் தொடங்கியது. அந்தக் காற்று வீசிய நேரத்தில், 1983 செப்டம்பரில், லூ ஷைமரின் ஃபில்மேஷன் நிறுவனம் ஹீ-மேன் தொடரைத் தனித்தனி நிலையங்களுக்கு விற்றது. வாரத்தில் ஐந்து நாள். 1985-க்குள் 130 அத்தியாயங்கள்.

தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு கோட்டையும் ஒரு பகையும் போதாது. குடும்பம் வேண்டும், அரண்மனை வேண்டும், சிரிப்பு வேண்டும். 1982-இல் டிசி காமிக்ஸ் இதழில் தலைகாட்டிய இளவரசன் ஆதம் இப்போது நடுவில் வந்து நின்றான். தாய் மர்லீனா பூமியிலிருந்து வழிதவறி வந்த விண்வெளி வீராங்கனை. டீலா கோட்டைக் காவலியான மாயக்காரியின் மகள், ஆனால் அவளுக்கே அது தெரியாது. ஓர்க்கோ என்ற குட்டி மந்திரவாதியை ஃபில்மேஷன் புதிதாகப் படைத்தது. டீலாவின் பிறப்பு ரகசியத்தைச் சொல்லும் அத்தியாயம் நல்ல எழுத்துக்குச் சான்று. நான் அந்தத் தொடரை மதிக்கிறேன். அதில் எழுதிப் பழகிய பால் டினியும் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கியும் பின்னாளில் பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள்.

ஆனால் வாளுக்கு என்ன ஆயிற்று? திரையில் ஹீ-மேன் ஏந்தியது முழு வாள். அதை உயர்த்தி மந்திரச் சொல் சொன்னால் இளவரசன் வீரனாவான். ஸ்கெலிட்டார் ஆட்டுத்தலைக் கோலோடு திரிந்தான். அவனிடம் பாதி வாள் இருந்ததாகத் தொடருக்கு நினைவே இல்லை. ஆளை வெட்டக்கூடாது என்ற விதியால் ஹீ-மேனின் வாள் பெரும்பாலும் கதிர்களைத் தடுக்கவே பயன்பட்டது. பொம்மையோடு வந்த கோடரியும் கேடயமும் திரையில் ஏறக்குறைய காணாமலே போயின. கடையில் வாங்கிய பிள்ளையின் கையில் இப்போது இருந்தது விளக்கமில்லாத ஒரு தட்டைக் கத்தி. 1984-இல் ஆதமுக்கும் பொம்மை வந்தபோது அதற்கு ஹீ-மேனின் அதே உடல் அச்சையே போட்டார்கள். சோம்பேறி இளவரசனுக்கும் மலை போன்ற தோள்கள். முன்கதை தடித்துக்கொண்டே போனபோது பிளாஸ்டிக்கால் அதன் கூடவே ஓட முடியவில்லை.

விற்பனை என்னவோ ஏறியது. ஹோர்டு, பாம்பு மனிதர்கள், கல்லாக உருளும் வீரர்கள் என்று அணிகள் பெருகின. 1986-இல் அமெரிக்காவில் சுமார் 40 கோடி டாலரைத் தொட்ட விற்பனை, அடுத்த ஆண்டே சுமார் 70 லட்சத்துக்குச் சரிந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. டால்ஃப் லண்ட்கிரன் நடித்த திரைப்படமும் அதே 1987-இல் வந்து தோற்றது. சரிவுக்கு மிதமிஞ்சிய சரக்கு, மற்ற பொம்மை வரிசைகள் தந்த போட்டி என்று பல காரணங்கள் உண்டு; கதைமேல் மட்டும் பழிபோட முடியாது. எண்பதுகளின் பிற்பாதியில் இந்தியாவில் லியோ நிறுவனம் அதே பொம்மைகளை இங்கேயே வார்த்தது; தூர்தர்ஷனில் தொடரும் வந்தது. நம் ஊரில் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஹீ-மேன் பெயரை அறிந்தது அப்படித்தான்.

விற்பனை சரிந்துகொண்டிருந்த அந்த 1987-இல் உறைக்குள் வந்த ஒரு குட்டிப் புத்தகம் கெல்டார் என்றொரு பெயரை உதிர்த்துவிட்டுப் போனது. கெல்டார், ஆதமின் தந்தையான அரசன் ராண்டரின் காணாமல்போன சகோதரன். அவனைத் தேடுகிறார்கள் என்றதும் ஸ்கெலிட்டார் பதறுகிறான். ஏன் என்று சொல்லும் முன் வரிசையே நின்றுவிட்டது. விடை கிடைக்காத இந்தக் கேள்வி பதினைந்து ஆண்டுகள் ரசிகர்களிடம் உயிரோடு இருந்தது. 130 அத்தியாயங்கள் விளக்கிய எந்த விஷயமும் இவ்வளவு பேச்சை எழுப்பவில்லை என்று துணிந்து சொல்வேன்.

கதையை அள்ளிக் கொடுத்தால் வரிசை வாழும் என்பதற்கு எதிரான சான்று 1985-இல் கோலெக்கோ வெளியிட்ட செக்டார்ஸ். சிம்பியான் என்ற பூச்சிகளின் கோள், மனிதனுக்கும் பூச்சிக்கும் இடையே மனப்பிணைப்பு, மார்வெல் காமிக்ஸ், ஐந்து அத்தியாயக் கார்ட்டூன் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன. கைக்குள் மாட்டி ஆட்டும் ராட்சதப் பூச்சிகள் உண்மையிலேயே அழகு, விலையும் அதிகம். காமிக்ஸ் எட்டு இதழ்களோடு நின்றது, பொம்மைகளும் நிலைக்கவில்லை.

மறுபக்கம் ஸ்னேக் ஐஸ். மாய உலகம் இல்லை, 1982-இன் ஜி.ஐ. ஜோ படைவரிசை, ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்ணப்பூச்சுச் செலவை மிச்சப்படுத்த ஒரு வீரனை முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கிலேயே விட்டார்கள். அட்டையின் பின்புறக் குறிப்புகளை எழுதிய லாரி ஹாமா அவனுடைய பெயர், பிறந்த ஊர் எல்லாம் ரகசியம் என்று எழுதினார். மார்வெல் இதழில் அவனைப் பேசாதவனாக்கி, 1984-இல் ஒரு வசனம்கூட இல்லாத முழு இதழையே அவனை வைத்துச் செய்தார். சிக்கனத்தால் வந்த கறுப்புக்கு மௌனம் பொருந்தியது. பொம்மையின் உடலில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கிய எழுத்து அது. வரிசையின் மிகப் பிரியமான ஆள் அவனே ஆனான்.

2002-இல் ஹீ-மேன் திரும்பி வந்தபோது ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பிகள் குழு எல்லாரையும் புதிதாக வடித்தது. வாளும் இயந்திரத் தோற்றத்துக்கு மாறியது. புதிய கார்ட்டூனின் முதல் அத்தியாயமே கெல்டாரின் முகம் அமிலத்தில் வெந்து ஸ்கெலிட்டாரான கதையைச் சொன்னது. 2008 முதல் பெரியவர்களான சேகரிப்பாளர்களை நம்பி இணையத்தில் விற்ற 'கிளாசிக்ஸ்' வரிசை இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் வாழ்க்கைக் குறிப்பு, இயற்பெயர், யாருக்கு யார் உறவு என்ற விவரம். முரண்பட்ட பழைய கதைகளை எல்லாம் ஒரே வம்சாவளியில் கட்ட முயன்றார்கள். உழைப்பு பெரிது, அன்பில் விளைந்த உழைப்பு. ஆனாலும் படிக்கும்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் உணர்வுதான் எனக்கு வருகிறது. யாரும் கேட்டிராத இயற்பெயர்களுக்காக ரசிகர்கள் சண்டையிட்டார்கள். அதே வரிசையின் ஹீ-மேன் பெட்டிக்குள் வடிவமைப்பாளர்கள் முழு வாள் ஒன்றையும் பாதி வாள் ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள். இளவரசன் கதையா, காட்டு வீரன் கதையா என்பதை வாங்கியவரே தேர்ந்துகொள்ளலாம். பின்புறக் குறிப்பைவிட அந்த இரண்டு வாள்கள் எனக்கு மேலானவை.

பல ஆண்டுகள் ஹீ-மேனை வடித்த அதே ஃபோர் ஹார்ஸ்மென் 2015-இல் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி 'மிதிக் லீஜன்ஸ்' என்ற சொந்த வரிசையைத் தொடங்கினார்கள். கார்ட்டூன் இல்லை, படம் இல்லை. முக்கியமானவர்களுக்குச் சில பத்திக் குறிப்பு, யார் எந்தப் படை என்ற விவரம், அவ்வளவே. தலையும் கையும் கவசமும் கழன்று மற்றொன்றில் பொருந்தும். அவற்றோடு பெயரே இல்லாத படைவீரர்களும் விற்பனைக்கு வருகிறார்கள்: எலும்புக்கூடுகள், ஆர்க்குகள், இரும்புக் கவச வீரர்கள். சேகரிப்பாளர்கள் இவர்களை ஒன்றுக்கு மேல் வாங்கி, தலைகளை மாற்றி மாட்டி, தாங்களே பெயர் வைத்து, யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.